பாசறைக்குப் போன கடிதம்

பட்டாளத்தின் கணக்குப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவரும், மாலை வேளைகளில் என் வீட்டு வராந்தாவிலுள்ள பிரம்பு நாற்காலியைத் தம் சுவாதீனத்தில் வைத்துக்கொண்டிருப்பவருமான என் நண்பர், சென்ற மாதம் ஒருநாள், உலகப் புகழ்பெற்ற புகைப்படங்களின் தொகுதி ஒன்றைப் புரட்டிக்கொண்டு வந்தவர், ஒரு பக்கத்தில் சட்டென்று நின்று, அதிலிருந்த ஒரு ஸ்திரீயின்மீது விரலை வைத்து, “இவள் சிரிக்கிற சிரிப்பைப் பாரும் ஓய்” என்றார்.

படம் எனக்கும் தெரிந்த படந்தான். வியட்நாமில் ஐந்து வருஷத்துக்கு மேல் சிறையிருந்து மீண்ட அமெரிக்க விமானப் படை அதிகாரி ராபர்ட் ஸ்டர்ம், 1973-ஆம் வருஷம் மார்ச் மாதம் 17-ஆம் தேதி கலிபோர்னியாவிலுள்ள டிராவிஸ் விமானத் தளத்தில் வந்திறங்கியபோது, அசோசியேட்டட் பிரஸ் ஸ்தாபனத்தின் ஸ்லாவா வேடர் எடுத்த படம் அது. அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு பெற்றது. மூத்த பெண், கால்கள் இரண்டும் தரையில் பாவாமல், கைகளைச் சிறகுபோல விரித்துக்கொண்டு தந்தையை நோக்கிப் பறந்து வருகிறாள். அவள் பின்னால் மற்ற மூன்று குழந்தைகளும், அவர்களோடு தாயும், வாய் கொள்ளாத சிரிப்போடு ஓடி வருகிறார்கள். அந்த அதிகாரி விடுதலையான அன்றைக்கே, அதாவது இந்தப் படம் எடுப்பதற்கு மூன்று நாள் முன்பே, தாம்பத்தியம் முடிந்துவிட்டது என்று மனைவி எழுதிய கடிதம் அவர் கைக்கு வந்து சேர்ந்திருந்தது என்பதும், அடுத்த வருஷமே அவர்கள் விவாகரத்துச் செய்துகொண்டார்கள் என்பதும் பின்னால் வெளியான செய்திகள். நண்பர் அந்தச் செய்திகளையும் அறிந்தவர். “சத்துருவின் சிறையிலே கிடக்கிறவனுக்கு இப்படி ஒரு காகிதம் எழுத ஒருத்திக்கு மனசு வருமா? வந்து சேரட்டும், வீட்டிலே ஒரு வாய் சோறு தின்னட்டும், அப்புறம் பிரிகிறதானால் பிரியட்டுமே” என்றார்.

அந்த வார்த்தையில் இரக்கம் இருந்தது. ஆகையினாலேயே அதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. பல நாள் யோசித்தபின், போர்வீரன்பால் காட்டப்படுவதாகச் சொல்லப்படும் இந்த இரக்கம் அவனுக்கும் உதவாதது, அவன் மனைவிக்கு அநீதியானது, அந்தத் தேசத்துச் சட்டமேகூடக் கேட்காதது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். படத்திலுள்ள அம்மாளின் வழக்கை விசாரிக்க நான் வரவில்லை. அவருடைய ஐந்து வருஷங்கள் எப்படிக் கழிந்தன என்பது எனக்கும் தெரியாது, நண்பருக்கும் தெரியாது. ஆனால் அவர் சொன்ன அபிப்பிராயம் அவருடைய சொந்தச் சரக்கு அன்று. அமெரிக்க ஜனங்களிடையே மூன்று தலைமுறையாக வேரோடிப்போன ஓர் அபிப்பிராயம், கடல் கடந்து வந்து என் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டது என்பதுதான் உண்மை.

இரண்டாவது உலக யுத்த காலத்திலேயே அந்த நாட்டுப் பட்டாளத்தார் இவ்வகைக் கடிதத்துக்கு ‘டியர் ஜான்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ‘கண்ணே, உயிரே’ என்று வாரம் தவறாமல் தொடங்கிவந்த கடிதம் ஒருநாள் ‘அன்புள்ள ஜானுக்கு’ என்று, ஏதோ சீட்டுக் கம்பெனிக்காரன் எழுதுவதுபோலத் தொடங்கினால், மேலே படிக்காமலே விஷயம் விளங்கிவிடும் அல்லவா? பெயரில் ஒரு கசந்த ஹாஸ்யம் இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. கூடாரத்துக்குள் நாலு பேர் சேர்ந்து சிரித்தால் கடிதம் பெற்றவனுக்கும் துக்கம் சற்றுக் குறையும். குறை சொல்ல வேண்டியது, கடிதத்துக்கு முன்னாலேயே, கலியாணத்துக்கும் முன்னாலேயே, பட்டாளத்தானுடைய காதில் ஓதப்படும் பாட்டைத்தான்.

1944-இல், நியூயார்க்கைச் சேர்ந்த ஃபோர்ட் ஸ்லோகம் முகாமில், வில்லி டக்வொர்த் என்னும் கறுப்பினச் சிப்பாய், களைத்து நடந்த தோழர்களுக்கு அடி பிசகாமலிருக்க ஒரு தாளப் பாட்டைக் கட்டினார். அது ராணுவம் முழுவதும் பரவி, அதன் வழியே பிறந்த நடைப்பாட்டுக்களுக்கு இன்றளவும் ‘ஜோடி’ப் பாட்டு என்றே பெயர் வழங்குகிறது. நம் பாஷையில் அச்சொல்லுக்குள்ள பொருளை எண்ணினால் வேடிக்கையாக இருக்கிறது; ஏனெனில் அங்கே ஜோடி என்பவன், கறுப்பு மக்களின் பழைய நாடோடிப் பாடல்களிலிருந்து இறங்கி வந்த ஒரு கற்பனைப் புருஷன், ஜோடியைப் பிரிப்பவன். பட்டாளத்தான் விட்டுவந்த கட்டிலையும் காரையும் காதலியையும் ஊரில் தங்கிவிட்ட அந்த ஜோடி அனுபவித்துக்கொண்டிருக்கிறான் என்பதே அவற்றில் பலவற்றின் சாரம். பதினெட்டு வயதுப் பையன், தலை மொட்டையடிக்கப்பட்டு, பொழுது விடியுமுன் எழுப்பப்பட்டு, இடது கால் வலது கால் என்று வைக்கப் பழகும்போதே, வீட்டில் இருப்பவள் துரோகம் செய்வாள் என்பதையும் அதே தாளத்தில், அதே மூச்சில் பழகிக்கொள்கிறான். அவனுக்கு மனைவி என்று ஒருத்தி இன்னும் வாய்க்கவேயில்லை. அவள்மேல் குற்றப் பத்திரிகை தயாராகிவிட்டது. இந்தப் பயிற்சியைப் பெற்ற சமூகம், பின்னொருநாள் ஒருத்தி உண்மையாகவே கடிதம் எழுதும்போது, அவள் காரணத்தைக் கேட்குமா, அல்லது ஏற்கெனவே பாடிவைத்த பாட்டில் அவள் பெயரைப் போட்டுக்கொள்ளுமா?

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். கடல் கடந்த சேவையில் இருப்பவனை விவாகரத்துச் செய்யவே முடியாது, அமெரிக்கச் சட்டம் அதைத் தடுத்திருக்கிறது என்று சாதாரண ஜனங்கள் பலர் நம்புகிறார்கள். சில மனைவிமார் அந்த நம்பிக்கையினாலேயே வருஷக் கணக்கில் வாய் மூடியிருந்துவிடுகிறார்கள். இது சுத்தப் பிசகு. அந்நாட்டின் உள்நாட்டு யுத்த காலத்தில், 1860-களில், சில மாகாணங்கள் சிப்பாய்மீது எந்த வழக்கும் நடக்கக்கூடாது என்று ஒரேயடியாகத் தடை போட்டிருந்தது உண்மைதான். ஆனால் 1918-இல் போர்வீரர், மாலுமிகளுக்கான சிவில் நிவாரணச் சட்டத்தை வகுத்தபோது, சாட்சியச் சட்டத்தைப் பற்றிய தம் பெருநூலால் நம் வக்கீல்களுக்கும் நன்கு பரிச்சயமான ஜான் ஹென்றி விக்மோர் முதலியோர், அந்த முரட்டுத் தடையைக் கைவிட்டு, சிப்பாயின் சேவை அவன் வழக்காடுவதற்கு மெய்யாகவே இடையூறாக இருக்கிறதா என்று பார்த்து நீதிபதி தீர்மானிக்கட்டும் என்ற மத்திம மார்க்கத்தை வேண்டுமென்றே தேர்ந்துகொண்டார்கள். 1940-இல் அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டது. உலக யுத்தத்தின் உச்சத்தில், 1943-இல், பூன் எதிர் லைட்னர் என்ற வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஜாக்ஸன், இச்சட்டத்தைச் சிப்பாய்க்கு அனுகூலமாகத் தாராள மனத்தோடு வியாக்கியானம் செய்யவேண்டும் என்று சொன்ன அதே தீர்ப்பில், உடுப்புப் போட்டவன் கேட்ட மாத்திரத்திலே வழக்கு நின்றுவிட வேண்டும் என்ற உரிமை கிடையாது என்றும் தீர்மானம் செய்தார். லட்சக்கணக்கான வாலிபர்கள் நார்மண்டிக்கும் பசிபிக் தீவுகளுக்கும் ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்திலேகூட நியாயஸ்தலம் வழக்குத் தொடுப்பவருக்குக் கதவைச் சாத்தவில்லை.

2003 டிசம்பரில் திருத்தி எழுதப்பட்டு இன்று வழக்கில் இருக்கும் சட்டம் என்ன கேட்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். எதிர்த் தரப்பு ஆஜராகாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்புக் கேட்பவர், அந்த எதிராளி ராணுவ சேவையில் இருக்கிறாரா இல்லையா என்பதைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்யவேண்டும். இதற்கென்றே பாதுகாப்பு இலாகா ஒரு பதிவேட்டைத் திறந்து வைத்திருக்கிறது, பெயரும் பிறந்த தேதியும் கொடுத்தால் அத்தாட்சி வந்துவிடும். சேவையில் இருக்கிறார் என்று தெரிந்தால், அவருக்காக ஒரு வக்கீலைக் கோர்ட்டே நியமிக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நோட்டீஸ் கிடைத்த சிப்பாய், தன் கடமை எவ்விதம் தடையாக இருக்கிறது, எந்தத் தேதியில் தன்னால் வரமுடியும் என்று ஒரு கடிதமும், லீவு கொடுக்க இயலாது என்று தன் மேலதிகாரியின் கடிதமும் சேர்த்து அனுப்பினால், குறைந்தது 90 நாள் வழக்கை நிறுத்தி வைத்தே தீரவேண்டும். மேற்கொண்டும் அவகாசம் கேட்கலாம், மறுத்தால் அப்போதும் வக்கீல் உண்டு. இத்தனையும் மீறி அவன் காதுக்கு எட்டாமலே தீர்ப்பாகிவிட்டால், சேவை முடிந்த 90 நாளுக்குள் வந்து, தன் பக்கத்தில் நியாயமான எதிர்வாதம் உண்டென்று காட்டி, அந்தத் தீர்ப்பையே திறக்கச் செய்யலாம். 2014-இல் சேர்த்த ஒரு பிரிவின்படி, தகப்பன் அல்லது தாய் சேவையின் நிமித்தம் வெளிநாட்டில் இருந்தார் என்ற ஒன்றையே காரணமாக வைத்துக் குழந்தையை நிரந்தரமாகப் பிரித்துவிடவும் முடியாது.

இன்னொரு சங்கதி. மனைவியின் வக்கீல் குவெய்த்திலுள்ள முகாமுக்கு ஓர் அமீனாவை அனுப்பிச் சம்மனைச் சார்வு செய்துவிட முடியாது. ராணுவ அதிகாரிகள் சிவில் கோர்ட்டுக் காகிதங்களைத் தாங்கள் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. ‘இப்படி ஒரு காகிதம் வந்திருக்கிறது, தாமாகப் பெற்றுக்கொள்கிறீரா?’ என்று சிப்பாயை விசாரிப்பார்கள், அவ்வளவுதான். போர்க்களத்தில் நிற்பவனை முதுகில் குத்துகிறாள் என்கிறார்களே, குத்துகிறவள் முன்கூட்டி முகவரி எழுதி, அத்தாட்சி வாங்கி, எதிராளிக்கு வக்கீல் வைத்து, மூன்று மாசம் காத்திருந்து குத்தவேண்டியிருக்கிறது! சிப்பாயின் க்ஷேமத்தை எண்ணி நூறு வருஷமாக இழைத்து இழைத்துச் செய்த சட்டம், அவனுக்கு அவகாசம் கொடு, துணை கொடு, அவனிடம் அறிவித்துவிட்டுச் செய் என்கிறதே ஒழிய, அவனிடம் மறைத்து வை என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை. ஜன அபிப்பிராயமோ நேர் எதிராக, மறைப்பதையே தர்மம் என்கிறது.

‘சட்டம் கிடக்கட்டும், கையில் துப்பாக்கியும் மனத்தில் புண்ணுமாக நிற்பவனுடைய கதி என்ன?’ என்பதுதான் என் நண்பர் கட்சியின் பலமான வாதம். அதை நான் சுலபமாகத் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. சிப்பாய்களின் தற்கொலைகளைப் பற்றி அமெரிக்கப் பாதுகாப்பு இலாகா வெளியிடும் அறிக்கைகளில், உறவு முறிவு என்பது திரும்பத் திரும்பக் காணப்படும் ஒரு காரணம். காவல் பணியில் நிற்பவன் மனம் சிதறினால் அவன் பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து. ஆகவே எந்த வாரத்தில் சொல்வது, எப்படிச் சொல்வது, சொல்லும்போது அவன் அருகில் பாதிரியாரோ தோழனோ இருக்கும்படி ஏற்பாடு செய்வது எப்படி என்றெல்லாம் யோசிப்பது மனிதத் தன்மை. யோசியாமல் நடுநிசியில் நாலு வரி தட்டி அனுப்புவது ஈரமில்லாத செயல் என்பதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. ஆனால், ‘எப்படிச் சொல்வது’ என்பது ஒரு கேள்வி; ‘சொல்லலாமா’ என்பது வேறு கேள்வி. முன்னதற்குரிய விடையைப் பின்னதற்கு விடையாக்கிவிடுகிறார்கள். தவிரவும், 2015-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, முப்பத்தொன்பது லட்சம் அமெரிக்கப் படையினரின் பதிவுகளைப் பரிசீலித்து, போர்முனைக்கு அனுப்பப்பட்டதற்கும் தற்கொலைக்கும் சம்பந்தம் காணவில்லை. சேவையை விட்டு விலகியவர்களிடத்திலேதான் ஆபத்து மிகுந்திருக்கக் கண்டது. ஊர் திரும்பிவிட்டால் மனம் உறுதிப்பட்டுவிடும், அப்போது எதையும் தாங்குவான் என்ற ஊகத்துக்கு இது அனுகூலமான சாட்சியம் அன்று.

புறப்படுவதற்கு முன்னால் அந்தச் சிப்பாய் நிற்கும் வரிசையையும் கவனிக்கவேண்டும். ஒரு பெரிய கூடம். மேஜை மேஜையாக அவன் நகர்ந்து போகிறான். ஒரு மேஜையில் ஊசி, அடுத்ததில் உயில், அடுத்ததில் தன் பேரில் கையெழுத்திட மனைவிக்கு அதிகார பத்திரம், அதற்கடுத்ததில் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொகை யாருக்குப் போகவேண்டும் என்ற படிவம், இன்றைய உச்ச வரம்பு ஐந்து லட்சம் டாலர். இருபத்திரண்டு வயதுப் பையனை நிறுத்தி, நீ செத்தால் இந்தப் பணம் யாருக்கு என்று பேனாவைக் கையில் கொடுத்துக் கேட்கிறது சர்க்கார். அவன் சாவைப் பற்றி அவனோடு பேசலாம், அவன் தாங்குவான் என்று நம்புகிறது. அப்படிப்பட்டவன் தன் கலியாணம் முடிந்துபோன செய்தியை மாத்திரம் தாங்கமாட்டான், அதை ஒன்பது மாசமோ ஒரு வருஷமோ அவனிடமிருந்து ஒளிக்கவேண்டும் என்றால், அவனைக் குழந்தை என்றல்லவா கருதுகிறோம்? அந்தப் படிவத்திலும் அதிகார பத்திரத்திலும் அவன் எழுதிய பெயர் அவளுடையது. உள்ளம் விட்டுப்போன ஒருத்தி, அவன் சம்பளத்தைத் தன் கையெழுத்தில் வாங்கிக்கொண்டு, அவன் சாவுக்கு வாரிசாகவும் இருந்துகொண்டு, வாரத்துக்கு ஒருமுறை திரையில் தோன்றும் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கவேண்டும் என்பதுதான் இவர்கள் சொல்லும் விசுவாசம். அவன் அங்கே சக தோழர்களிடம் அவள் படத்தைக் காட்டி, ஊருக்குப் போனதும் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டவேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். ஒருநாள் விமானத் தளத்தில் கொடியும் பாண்டு வாத்தியமுமாக வந்திறங்குவான். மறுநாள் காலையில் காப்பி மேஜையில் காகிதம். எந்த நாளிலிருந்து அவள் மனம் மாறியது என்று அவன் திரும்ப எண்ணத் தொடங்குவானே, அப்போது அந்த வருஷம் முழுவதும் தான் பெற்ற ஒவ்வொரு முத்தமும் பொய் என்று அவன் கண்டுகொள்வானே, அது கடிதத்தைவிட இரக்கமானதா?

நண்பர் மறந்துவிட்ட ஒரு வகை தாம்பத்தியமும் உண்டு. 2002-ஆம் வருஷம் ஜூன், ஜூலை மாதங்களில், வட கரோலினாவிலுள்ள ஃபோர்ட் பிராக் தளத்தைச் சேர்ந்த நான்கு சிப்பாய்களின் மனைவிமார், ஆறு வாரத்துக்குள், தத்தம் கணவர்களாலேயே கொல்லப்பட்டார்கள். அக்கணவர்களில் மூவர் ஆப்கானிஸ்தானத்தில் சேவை செய்து திரும்பியவர்கள். ஒருவர் திரும்பிய இரண்டாவது நாளிலேயே மனைவியைச் சுட்டுத் தாமும் சுட்டுக்கொண்டு இறந்தார். போர்வீரர் எல்லோரும் இப்படி என்று சொல்வது மகா பாதகம். நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் ‘வந்து சேரட்டும், பிறகு சொல்லலாம்’ என்ற உபதேசத்தை, அடிக்கிற கணவனுக்கு வாழ்க்கைப்பட்ட ஒருத்தியின் காதில் ஓதிப் பாருங்கள். பிரியப் போகிறேன் என்று சொல்லும் சமயந்தான் அவளுக்குப் பெரிய ஆபத்து என்பதை இவ்விஷயத்தில் பழகிய போலீஸ்காரரும் டாக்டரும் அறிவார்கள். அவளுக்கு அவனுடைய வெளிநாட்டுச் சேவை பிரிவுத் துயரம் அன்று; ஆறாயிரம் மைல் சமுத்திரம் அவளுக்குக் கிடைத்த வேலி. அந்த ஒன்பது மாசத்தில் அவள் ஒரு வேலை தேடிக்கொண்டு, ஒரு வக்கீலைப் பார்த்து, குழந்தைகளை அழைத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விடலாம். வேலி பிடுங்கப்பட்ட பிறகு பேசு என்று சொல்கிறவர்கள், அவள் சார்பில் எதையும் யோசித்ததாகத் தெரியவில்லை.

காத்திருத்தல் என்ற தர்மம் நமக்கும் புதியது அன்று. சொல்லப்போனால் அதற்கு ஒரு திணையையே வகுத்துக் கொடுத்தவர்கள் நாம். வினைமேற் சென்ற தலைவனை எண்ணி ஆற்றியிருத்தல் முல்லைக்குரிய ஒழுக்கம். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில் தலைவி இங்கே வீட்டிலும், தலைவன் அங்கே பாசறையிலும், இருவருமே உறக்கமின்றி இருக்கிறார்கள். முல்லையைப் படித்து வளர்ந்த மனம், கடிதம் எழுதும் மனைவியைக் கண்டு துணுக்குறுவது இயற்கையே. ஆனால் அந்த மரபை ஊன்றிப் பார்த்தால், காத்திருத்தலுக்கு அங்கே ஒரு தவணை இருக்கிறது: கார்காலம். மழை தொடங்குமுன் வருவேன் என்று அவன் சொல்லிப் போகிறான். மழை வந்தும் அவன் வராவிட்டால், சொல் தவறியவன் அவனே என்று தோழியும் கூறுவாள், தலைவியும் கூறுவாள். அந்தத் தவணைதான் அவள் பொறுமைக்கு ஈடாக அவன் கொடுத்த பிணை. இராக் யுத்தத்தில், 2007-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், அமெரிக்க ராணுவத்தின் பன்னிரண்டு மாதத் தவணையைப் பதினைந்து மாதமாக நீட்டிப் பாதுகாப்பு மந்திரி உத்தரவு போட்டார். ஏற்கெனவே அங்கே இருந்தவர்களுக்கும் அது பொருந்தியது. சேவைக் காலம் முடிந்தவர்களையே ஊருக்கு விடாமல் நிறுத்திவைக்கும் வழக்கமும் அப்போது நடைமுறையில் இருந்தது. ஒரு முறை போய் வந்து, ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, மறுபடியும் போய், மூன்றாம் முறையும் போனவர்கள் உண்டு. மழைக்காலத்தை மூன்று மாதம் தள்ளிவைத்தது எந்த மனைவியும் அல்ல. பிணையைச் சர்க்கார் முறித்தது. பொறுமையை மாத்திரம் அவளிடம் முழுசாகக் கேட்கிறார்கள்.

இதற்கு அவள் எங்கே கையெழுத்துப் போட்டாள்? சிப்பாய் பட்டாளத்தில் சேரும்போது பிரமாணம் செய்கிறான். சம்பளமும் பதவியும் பதக்கமும் பென்ஷனும் அவனுக்கு உண்டு. அவள் கொடியின் முன் வாக்குக் கொடுத்தவள் அல்லள், ஒரு மனிதனிடம் வாக்குக் கொடுத்தவள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றுவதால் அவளுக்கு ஓர் உத்தியோகம் நிலைப்பதில்லை. வேலை தேடும் சிப்பாய் மனைவிமாரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வேலை கிடையாதிருப்பதைப் பாதுகாப்பு இலாகாவின் கணக்கெடுப்புக்களே காட்டுகின்றன. பென்ஷனில் அவளுக்குள்ள பங்கை இலாகா நேராக அவள் கையில் கொடுக்கவேண்டுமானால், பத்து வருஷ தாம்பத்தியம் பத்து வருஷ சேவையோடு ஒத்திருக்கவேண்டும். வைத்திய வசதி முதலிய சலுகைகள் முழுமையாக நீடிக்க இருபது வருஷம் வேண்டும். அந்த வருஷங்களை எண்ணிக்கொண்டு அவள் பொறுத்திருந்தால், பணத்துக்காக ஒட்டிக்கொண்டிருக்கிறாள் என்று ‘டிபெண்டா’ என்னும் இழிபெயர் சூட்டுகிறார்கள். பொறுக்காமல் எழுதினால் ‘டியர் ஜான்’ எழுதினவள். இருந்தாலும் பழி, போனாலும் பழி என்னும் இடத்தில், பழிக்குக் காரணம் அவள் நடத்தையில் இல்லை என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும்.

யுத்தப் பிரிவுதான் குடும்பங்களை முறிக்கிறது என்ற ஊகத்தின் பேரிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ராண்ட் என்னும் அமெரிக்க ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் 2007-இல் செய்த ஆராய்ச்சியில், அதிக நாள் வெளிநாட்டுச் சேவையில் இருந்தவர்களின் தாம்பத்தியங்கள் பெரும்பாலும் குறைவாகவே முறிந்திருக்கக் கண்டார்கள். சில வருஷம் கழித்து வந்த வேறோர் ஆராய்ச்சி அதை மறுத்து, சேவை நாள் ஏற ஏற விவாகரத்தும் ஏறுகிறது என்றது. பண்டிதர்களே தீர்க்காத வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கணக்கு உண்டு: சேவையிலுள்ள பெண்களின் விவாகரத்து விகிதம் ஆண்களுடையதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்து வந்திருக்கிறது. முனையில் நிற்பவள் அவள், வீட்டில் இருப்பவன் அவன். கணவனிடமிருந்து அவளுக்கு வரும் கடிதத்துக்கு ‘டியர் ஜேன்’ என்று ஒரு பெயர் இருக்கத்தான் இருக்கிறது. அதைச் சொன்னால் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கிறது. அவளைக் கைவிட்டவன்மேல் எந்தப் பாட்டுக்கும் தாளம் போட்டு யாரும் நடக்கவில்லை.

படத்திலுள்ள அதிகாரி விமானத்தோடு வீழ்ந்தது 1967 அக்டோபர் 27. அதற்கு முதல் நாள் அதே ஹனாய் நகரத்தின்மேல் வீழ்ந்தவர் ஜான் மக்கெயின். பின்னாளில் ஜனாதிபதி பதவிக்கே போட்டியிட்டவர். அவரும் 1973 மார்ச்சில்தான் மீண்டார். அவர் மனைவி ஐந்தரை வருஷம் காத்திருந்தார். இடையில், 1969 கிறிஸ்துமஸ் சமயத்தில், ஒரு கார் விபத்தில் கால்கள் நொறுங்கிப் பல அறுவைச் சிகிச்சைகளுக்கு ஆளானார். சிறையில் இருப்பவருக்கு ஏற்கெனவே உள்ள கஷ்டம் போதும் என்று அந்தச் செய்தியை எட்டவிடவில்லை. மௌனம் என்றால் அது மௌனம். கணவரை வரவேற்கப் போகிறவர் என்பதனால் அதை மறைக்க அந்த அம்மாளுக்கு உரிமை இருந்தது. 1980-இல் அந்தத் தாம்பத்தியம் விவாகரத்தில் முடிந்தது. முறிவுக்குத் தம் சுயநலமே காரணம் என்று மக்கெயின் பின்னால் தம் நூலில் ஒப்புக்கொண்டார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். ஆனால் இவ்விரண்டு கதைகளில், சிறையாளிகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஜனங்கள் தலையை ஆட்டி ஆட்டிச் சொல்வது எந்தக் கதையை?

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து நண்பருக்கு வாசித்துக் காட்டினேன். ஃபோர்ட் பிராக் வந்த இடத்தில் மாத்திரம் ஒருமுறை கனைத்துக்கொண்டார். பிறகு புஸ்தகத்தை எடுத்து அதே பக்கத்தைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெகு நேரம் பார்த்தார். அந்தப் படத்தின் பிரதி பிள்ளைகள் வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது, தந்தை மட்டும் தம் வீட்டில் மாட்டவில்லை என்று படித்ததை அவருக்குச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. விரல் இந்தத் தடவை தாயின்மேல் போகாமல், படத்தின் ஓரத்தில், உடுப்பும் தொப்பியுமாக நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் உருவத்தின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது.

“முகமே தெரியவில்லையே ஓய்” என்றார்.